மூன்று மணிக்கு ஒரு "தமிழ் மாலை"

நிகழ்ச்சித் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மொரிஷியஸில் நம் ஊர்க் கலை மையத்தில் அடுத்த மூன்று மாதத்துக்கு என்னென்ன என்று வண்ணம் வண்ணமாகப் போட்டிருக்கிறார்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்குப் பிரெஞ்சுப் படம். சனி இரவு ஜாஸ். அடுத்த சனி சேகா, நம் தீவின் நாட்டுப்புற ஆட்டமும் பாட்டும். ஞாயிறு சாயங்காலம் ஜோடி நடனம், தேநீரோடு. நமக்கு "தமிழ் மாலை". செவ்வாய்க்கிழமை, மூன்று மணி.

சனிக்கிழமை ஏழு மணி என்றுதான் முதலில் பேச்சு. எழுத்திலேயே கொடுத்திருந்தார்கள். அப்புறம் "ஒரு சின்ன மாற்றம்" என்று ஒரு வரிச் செய்தி. போன்கூட இல்லை.

தமிழ் வாத்தியார் புத்தி சும்மா இருக்காது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் ஒரு நாளை ஆறு பொழுதாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாலை என்பது ஆறு மணிக்கு மேல்தான். மூன்று மணிக்குப் பெயர் எற்பாடு. தலைப்பையாவது "தமிழ் எற்பாடு" என்று மாற்றியிருந்தால் ஏற்பாட்டில் ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

செவ்வாய் மூன்று மணிக்கு இந்தத் தீவில் யார் சும்மா இருக்கிறார்கள்? பிள்ளைகள் பள்ளி விட்டு நேரே லெசோனுக்கு, அதாவது டியூஷனுக்கு, ஓடுவார்கள். பெற்றோர் வேலையில் இருப்பார்கள். மிச்சம் ஓய்வூதியக்காரர்கள். அவர்கள் வரட்டும், சந்தோஷம், முன்வரிசை அவர்களுக்குத்தான். ஆனால் அடுத்த வருடம் கூட்டத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்: "தமிழுக்கு ஆள் வருவதில்லை, மேடம்." போன வருடம் ஒரு தமிழ்ப் படத்தைப் புதன்கிழமை இரண்டு மணிக்குப் போட்டார்கள். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள், இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார்கள். அந்தப் பதினொன்றைத்தான் இன்றுவரை என்னிடம் கணக்காகக் காட்டுகிறார்கள். முதலில் நேரத்தைக் கொடுங்கள், பிறகு தலையை எண்ணுங்கள்.

"சேகா மேல் உங்களுக்கு என்ன கோபம்?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஒரு கோபமும் இல்லை. 2014-ல் சேகா யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது என் வீட்டிலும் பாயசம்தான். 2016-ல் போஜ்பூரி கல்யாணப் பாட்டான கீத் கவாய் ஏறியபோதும் கைதட்டினேன். அவர்கள் பாட்டை அவர்கள் விடாமல் பாடினார்கள், ஏறியது. நான் கேட்பதும் ஒரு சனிக்கிழமைதான்.

"கோயில் மண்டபம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. பத்து வருடமாகச் சனிக்கிழமை காலை அங்கேதான் பாடம் எடுக்கிறேன், அங்கேயே காபியும் போடுகிறேன். ஆனால் தமிழ் என்றால் தேவாரம் மட்டுமா? ஒரு காதல் பாட்டை, ஒரு நாடகத்தை, நாலு பேர் சிகரெட் பிடிக்கிற படத்தை முருகன் சந்நிதிக்கு எதிரே போட முடியுமா? என் பக்கத்து வீட்டு கிரியோல் இனத்து அக்காவுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். கோயிலுக்குள் வரக் கூச்சப்படுவாள், கலை மையத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவாள். அந்த மையம் அவள் வரிப்பணத்திலும் என் வரிப்பணத்திலும்தான் ஓடுகிறது.

டிக்கெட் விற்காது என்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஜாஸுக்கு எத்தனை விற்றது என்று முதலில் சொல்லுங்கள்.

அடுத்து அந்தப் பழைய பாட்டு: "காவடிக்கு விடுமுறை இருக்கிறது, ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?" நோட்டைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள். 1998-ல் புது நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறங்கியபோது எனக்குப் பதினாறு வயது. அப்பா தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அந்த நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக் காட்டினார். சத்தம் போடவில்லை. சோறு மட்டும் அப்படியே இருந்தது. நம்மவர்கள் எதிர்த்தார்கள், அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது, பழைய வரிசை திரும்பி வந்தது. ஒரு வரி கீழே போனதற்கு ஒரு நாடே யோசித்தது. இன்று சனியிலிருந்து செவ்வாய்க்குப் போயிருக்கிறோம், நம் குழுவில் ஒருவர் கட்டைவிரல் படம் போட்டிருக்கிறார்.

ஆமாம், அது நம் ஆள்தான். சரி என்று சொல்லிவிட்டு வந்ததும் அவர்தான். "கிடைத்ததை வாங்கிக்கொள்வோம், தங்கச்சி" என்றார். அண்ணே, உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் கிடைத்ததை வாங்கிக்கொண்டே வந்துதான் நாம் சந்தைக்குள் சுருங்கிவிட்டோம். தீவு முழுக்கப் பேசும் கிரியோல் மொழியில் முருங்கைக்கீரை ப்ரெட் முரும் ஆனது, ரசம் ராசோன் ஆனது, பீர்க்கங்காய் பிபங்காய் ஆனது. தீவு முழுக்க, எந்த இனத்துக்காரரானாலும், காலில் கல் இடித்தால் "ஐயோ" என்பார்கள். தமிழ் சமையலறையில் இருக்கலாம், வலிக்கும்போது இருக்கலாம். சனிக்கிழமை ராத்திரி விளக்குப் போட்ட மேடையில் மட்டும் இருக்கக்கூடாது.

"யாருக்கும் புரியாதே" என்பதுதான் கொஞ்சம் குத்துகிற கேள்வி. பக்கத்துத் தீவு ரெயூனியனைப் பாருங்கள். அங்கே பேச்சுத் தமிழ் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் "பால் தமூல்" (பிரெஞ்சில் "தமிழ் ஆட்டம்") என்று இரவு முழுக்கக் கூத்து ஆடுகிறார்கள், வாத்தியார் புத்தகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பாடுகிறார். புரிந்தா உட்கார்ந்திருக்கிறார்கள்? ஜாஸில் அந்த அம்மா பாடுவது உங்களில் எத்தனை பேருக்குப் புரிகிறது?

இப்படியெல்லாம் பதில் வைத்திருக்கிறேன். ஆனால் போன வாரம் என் மகன், எட்டு வயது, ஒத்திகையில் பாட்டை அழகாகப் பாடி முடித்துவிட்டு, காரில் வரும்போது கிரியோலில் கேட்டான்: "அம்மா, இதற்கு அர்த்தம் என்ன?" தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் பெற்ற பிள்ளை. வண்டியை ஓரமாக நிறுத்திச் சொன்னேன், கிரியோலில்தான். அது யார் தப்பு என்று எழுதுங்கள், எழுதத்தான் போகிறீர்கள். அதற்குக் கலை மையத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சனி இரவு அறுநூறு பேர் எதிரே அவன் அதைப் பாடியிருந்தால், அர்த்தத்தை நான் சொல்லும்வரை காத்திருக்க மாட்டான் என்று ஏனோ தோன்றுகிறது.

பாடப்போகிறவர்கள் பதினாறு பிள்ளைகள், நாலு மாதப் பயிற்சி. செவ்வாய் என்றதும் இதுவரை ஐந்து அம்மாக்கள் "லெசோன் இருக்கிறது, மிஸ், மன்னிச்சிடுங்க" என்று எழுதிவிட்டார்கள். நான் அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. மற்ற பிள்ளைகளின் வீட்டில் கவனிக்கவும்: இந்தச் சனிக்கிழமை ஒத்திகை உண்டு, வழக்கம்போல காலை ஒன்பது மணி, கோயில் மண்டபம்.