பத்திரிகை விளம்பரத்தைக் கவிழ்த்தது இன்ஃப்ளூயன்சர்களா?

"இன்ஸ்டாகிராம் பிரபலங்கள் வந்ததால்தான் பத்திரிகை விளம்பரம் படுத்துவிட்டது" என்று ஒரு பேச்சு பகிரப்பட்டு வருகிறது. இது தவறு. காலக்கணக்கே இடிக்கிறது.

அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருமானம் 2005-இல் சுமார் 4,900 கோடி டாலர். 2010-க்குள் அது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. இன்ஸ்டாகிராம் தொடங்கியதே 2010 அக்டோபரில்தான்!

முதலில் கைவிட்டுப் போனது வரி விளம்பரம். 'ஆள் தேவை', 'வீடு வாடகைக்கு', 'பழைய கார் விற்பனைக்கு' என்று பொடி எழுத்தில் நாலு வரி வருமே, அதுதான். பத்திரிகை வரிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய அந்த இடத்தை, கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்தன. எந்தப் பத்திரிகையால் அதோடு போட்டி போட முடியும்? அடுத்து கூகுள் வந்தது: பொருளைத் தேடுகிறவர் கண்ணில் படும் விளம்பரம், கிளிக் விழுந்தால் மட்டும் கட்டணம். 2008 நிதி நெருக்கடி மிச்சத்தையும் உலுக்கியது.

இன்ஃப்ளூயன்சர்களுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அழகுசாதன, ஆடை நிறுவனங்கள் வழவழப்பான இதழ்களின் முழுப்பக்கத்துக்கு ஒதுக்கிவந்த பணத்தில் ஒரு பகுதி இன்று அவர்களிடம் போகிறது. ஆனால் அது சரிவு பாதி தூரம் கடந்தபின் நடந்தது.