குறைந்த இறப்பு விகிதம் பாதுகாப்புக்குச் சான்றாகாது

ஐயா, உலோக ஆலைத் தொழிலாளர்களின் மொத்த இறப்பு விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு, எனவே ஓசூர் சிப்காட் பக்கம் வெல்டிங் வேலைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஆய்வுகளில் அந்த விகிதம் குறைந்திருப்பது உண்மை. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. பொதுமக்கள் கணக்கில் படுக்கையில் கிடப்பவர்களும் வேலைக்குப் போக முடியாத நோயாளிகளும் சேர்ந்திருக்கிறார்கள். ஆலையிலோ உடல்நலம் உள்ளவர்களே வேலைக்குச் சேர்கிறார்கள், மூச்சு வாங்கத் தொடங்கியவர் நின்றுவிடுகிறார். இதய நோய் இறப்பு குறைவாக இருந்து மொத்தக் கணக்கைத் தாழ்த்தும்போது, நுரையீரல் புற்றுநோயின் மிகுதி அதற்குள் மறைந்துபோகும் என்பதால், ஒவ்வொரு நோயையும் தனியே பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. இரும்பு, எஃகு வார்ப்படத் தொழிலும் மணலிலிருந்து எழும் படிகச் சிலிக்கா தூசியும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. எவர்சில்வரைப் பற்றவைக்கும் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் உண்டு.

வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்றும் சொல்கிறீர்கள். வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஷிப்டு முடிந்து வரும் என் மைத்துனர் மூக்கைச் சிந்தினால் துண்டில் கறுப்பாகவே படிகிறது. நுரையீரல் புற்றுநோய் வெளிப்படப் பெரும்பாலும் 20 ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று திடமாக இருக்கும் முப்பது வயதுக்காரரைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. புகையை எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயும், முகத்தில் சரியாகப் பொருந்தும் வடிகட்டி முகக்கவசமும்தான் தேவை.