ஙௌ எழுதத் தெரியும், தண்ணி கேக்கத் தெரியாது

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பாடத்திட்டக் கூட்டம் முதல் நாளே ஊர்ப் பெயரில் முட்டிக்கொண்டு நின்றது. பாடத்தின் தலைப்பு 'எங்கள் ஊர்'. நான் டொராண்டோ என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு ரொறன்ரோ என்று எழுதினார். நாற்பது நிமிஷம் ஓடிப்போனது. டீச்சரா ரீச்சரா என்பதும் நடுவில் சேர்ந்துகொண்டது. கடைசியில், ஊரில் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர்தான், "சொல்லுக்கு முதல்ல டகரமும் வராது, ரகரமும் வராது. இலக்கணப்படி ரெண்டு பேரும் தப்பு. போய் டீ குடிங்க" என்று கலைத்துவிட்டார்.

அது நடந்து மூன்று வருஷம் ஆச்சு. கனடாவில், டொராண்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் வாடகைக்கு எடுத்த வகுப்பறை, ஆறு வயசிலிருந்து பதினொன்று வரை பதினாலு பிள்ளைகள், நான் சம்பளமில்லாத டீச்சர். என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகளில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். வாரம் 2 மணி நேரம். செப்டம்பரிலிருந்து ஜூன் வரை, கிறிஸ்துமஸ் லீவு, மார்ச் பிரேக், பனி கொட்டி மூடுகிற நாட்கள் எல்லாம் போக 32 வாரம் தேறும். 64 மணி நேரம். ஆண்டுவிழா ஒத்திகை அதில் 10 மணி நேரத்தைத் தின்றுவிடும். மிச்சம் 54. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தர ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. தமிழில் தேறி, வேலை பார்க்கிற அளவுக்குப் பேச 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. நம் வேகத்தில் 20 வருஷம். ஆறு வயசில் சேர்ந்த பிள்ளை கல்யாண வயசில்தான் முடிக்கும். நம் பிள்ளைகள் வீட்டில் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்கிறார்கள், அதனால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் 54 என்பது 54தான்.

இத்தனை குறைவான நேரத்தில் பாடத்திட்டம் போடுவதென்றால் எதை விடுவது என்று முடிவு பண்ணுவதுதான் வேலையே. நம்மவர்கள் எதையும் விட மாட்டார்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம், ஆக 247. முதல் வருஷம் பூராவும் இதுவே ஓடும். ஒரு பையன் ஙௌ என்று கோடு போட்ட நோட்டில் பத்து தடவை எழுதிக்கொண்டிருந்தான், அழகான கையெழுத்து. நான் பக்கத்தில் நின்று யோசித்தேன். இந்த எழுத்து வருகிற ஒரு சொல்லை என் நாற்பத்திமூன்று வயசுக்குள் நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஙி, ஙீ, ஙு எதையும் பார்த்ததில்லை. 'அங்ஙனம்', 'இங்ஙனம்' என்று ங மட்டும் எப்போதாவது தலைகாட்டும். 'ஙப்போல் வளை' என்று ஔவை சொன்னதற்கு உரைக்காரர்கள் சொல்வதும் இதைத்தான்: தான் ஒருத்தி உழைத்து, உபயோகமில்லாத தன் வரிசை முழுவதையும் காப்பாற்றுகிறாள் ங, நீயும் சுற்றத்தை அப்படித் தாங்கு. நல்ல அறிவுரை. அந்தச் சுற்றத்தை ஸ்கார்பரோவில் ஒரு ஏழு வயசுப் பையனும் தாங்க வேண்டுமா?

அதே பையன் இடைவேளையில் என்னிடம் வந்து தண்ணி போத்தலைக் காட்டி, மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்டது இங்கிலீஷில்.

இதற்குக் காரணம் யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. நாம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது ஊரில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை. அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது? தெருவில் சண்டை போட்டு, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி, பாட்டியிடம் பொய் சொல்லி, தமிழை முழுசாகக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிற பிள்ளைக்காக. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது எழுத்து மட்டும்தான். அதனால் எழுத்திலிருந்து தொடங்குவது சரி. இங்கே பிள்ளைக்கு மொழியே வந்து சேரவில்லை, அதற்குள் அதன் எழுத்தைக் கொடுக்கிறோம். பால் கறக்கும் முன்னே உறை ஊற்றுகிற கதை.

ஊரிலேயேகூட எல்லாரும் அ, ஆவில் தொடங்கியதில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கப் போனபோது முதல் பாடத்தில் வைத்த சொல் 'பட்டா'. நிலமில்லாதவர் மனசில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற சொல். எழுத்து அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தது. என் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி மனசில் சுற்றுகிற சொல் என்ன என்று யோசித்தேன். பட்டா இல்லை. கொத்துரொட்டி!

ஒரு சனிக்கிழமை எல்லாரையும் பக்கத்து பிளாசாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கார்பரோவில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. டேக்அவே கடை வாசலில் 'கொத்து' என்பதை ஒருத்தி "கெ... ஆ... த்து" என்று வாசித்தாள். நியாயம்தானே? கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் க மாட்டிக்கொண்டிருக்கிறது. இடமிருந்து வலமாகப் போகிற கண் முதலில் கெ என்றுதான் பார்க்கும், பிறகு மிச்சமிருக்கிற காலைப் பிடித்துக்கொள்ளும். "ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரே வாயில போடணும்" என்றேன். அவள் கைவிரல் இரண்டால் க-வைக் கிள்ளிப் பிடித்துக் காட்டி 'கொ' என்றாள். பலகையில் 'இடியப்பம்', 'தோசை' எல்லாம் இருந்தன. 'தோ'வுக்கும் அதே கிள்ளுதான், கொம்பு மட்டும் இரட்டைச் சுழி. அட்டவணையில் ஒரு மாசம் ஆகிற பாடம் வாசலில் பத்து நிமிஷத்தில் முடிந்தது. கடைக்காரர் ஆளுக்கொரு வடை வேறு கொடுத்தார்.

சரி, பேச்சிலிருந்து தொடங்குவோம் என்றால் அடுத்த கேள்வி தயாராக நிற்கிறது: யார் பேச்சு? இங்கே நான் நன்றாக அடி வாங்கினேன். என் குரலிலேயே இருபது ஆடியோ பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தாத்தா வீட்ல இருக்காங்க." மறுவாரம் ஒரு பையன் கேட்டான்: "ரீச்சர், ஏன் சினிமா மாதிரிக் கதைக்கிறீங்கள்?" அவன் வீட்டில் 'இருக்கிறார்'. 'வாங்க' இல்லை, 'வாங்கோ'. பேசுவதும் இல்லை, கதைப்பது. இரண்டையும் கலந்து நடுத்தரமாக ஒன்று செய்து பார்க்கலாம் என்று முயன்றேன். உலகத்தில் யாருமே பேசாத தமிழ் ஒன்று உருவானது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சிங்கப்பூரில் 2005இலேயே பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லிவிட்டது. அங்கே தமிழ் ஆட்சிமொழி, அரசாங்கம் பணம் போட்டுப் புத்தகம் அச்சடிக்கிறது. எங்களுக்கு ஜெராக்ஸ் மெஷின்கூட ஓசி. ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒவ்வொரு வயசுக்கும் பத்து விதப் புத்தகம் கடையில் கிடைக்கும். குறைவானவர்கள் படிக்கிற மொழிகளில் டீச்சர்தான் புத்தகம்.

"கொச்சைத் தமிழ் கத்துக்கவா சனிக்கிழமை தூக்கத்தை விட்டுட்டு வர்றோம்?" என்று ஒரு அப்பா கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, எழுத்துத் தமிழை நான் குறைத்துச் சொல்லவில்லை. திருநெல்வேலிக்காரி எனக்கும் சாவகச்சேரி அம்மம்மாவுக்கும் பொதுவாக இருப்பதே அதுதான். கதை வாசிக்க, பாட்டு புரிய, அது வேண்டும். ஆனால் அதையே பிள்ளையின் வாயில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எட்டு வயசுக்காரி ஒருத்தி சாட்சி. அம்மம்மா போனில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இவள் வகுப்பில் படித்தபடி, "நான் உணவு உண்கின்றேன்" என்றாள். "என்ன பிள்ளை, றேடியோவில நியூஸ் வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறாய்" என்று அம்மம்மா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். பாசமான சிரிப்புதான். ஆனால் அதற்கப்புறம் இரண்டு வாரம் இவள் போனுக்கே வரவில்லை என்று அவள் அம்மா சொன்னார். ஒரு வருஷப் பாடம் ஒரு வாக்கியத்தில் காலி.

இப்போது என் வகுப்பில் முதல் இரண்டு வருஷம் பேச்சு. 'சாப்பிடுறேன்'னும் 'சாப்பிடுறன்'னும் காதுக்குப் பழகட்டும், வாயில் அவரவர் வீட்டுப் பேச்சு. ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுப் பெரியவர் போனில் வருவார், பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். எழுத்து மாசத்துக்கு ஆறு, சொல்லோடு சேர்த்து. மூன்றாம் வருஷம் எழுத்துத் தமிழ், முதலில் வாசிக்க மட்டும். இரண்டாம் வருஷக் கடைசியில் நூறு எழுத்துக்குச் சற்று மேல் வந்திருக்கிறது. பக்கத்து வகுப்பில் 247. அவர்கள் வேகமாக வாசிக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். வாசித்ததில் பாதிக்கு அர்த்தம் கேட்டால் முழிக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வரும் செப்டம்பரிலிருந்து எல்லா வகுப்புக்கும் இதையே வைக்கலாமா என்று போன வாரம் கமிட்டி கூடியது. ரொறன்ரோ அக்கா என் பக்கம். தமிழ் வாத்தியார் ஐயா அரை மனசு. முடிவாக, முதல் வகுப்புக்கு மட்டும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள், ஒரே நிபந்தனை: 247 எழுத்து அட்டவணையைச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. ஙௌ அங்கேயே இருக்கட்டும்.