மேசை மேல கை ஊனக் கூடாதாம்!

என் மேசைய கால் இல்லாம சுவத்துல மாட்டிக் கொடுத்த ஃபிட்டர் போன்ல சொல்றார், குரல்ல ஒரு கூச்சம் கூட இல்ல. "சார், நீங்க அது மேல கை ஊனி எந்திரிச்சிருப்பீங்க. அதான்." ஆமாய்யா, ஊனினேன். மேசைன்னா வேற எதுக்கு? எதிர்ல நின்னு கும்பிடவா?

நேத்து நடந்தது இது. காலைல 11 மணிக்கு மீட்டிங். எல்லாரும் கேமரா ஆன்ல வெச்சிருக்கணும்னு உத்தரவு. தண்ணி பாட்டில எடுக்க லேசா எந்திரிச்சேன், வலது கைய முன் விளிம்புல ஊனினேன். அவ்வளவுதான். 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். கீபோர்டு மேல சிமெண்ட் பொடி உதிருது. நிமிந்து பாத்தா பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு விரல் நுழையுற இடைவெளி. காலைல அது அங்க இல்ல. பலகையோட முன்பக்கம் மெதுவா, ரொம்ப மரியாதையா, என் மடிய நோக்கி இறங்கி வருது.

டப்புனு உக்காந்து ரெண்டு முட்டியையும் தூக்கிக் கொடுத்தேன். முட்டுக் கொடுக்கிறதுன்னா என்னன்னு என் முட்டிக்கு நேத்துதான் தெரிஞ்சுது. 2 மீட்டர் நீளம், 70 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன். தேக்கு கன மீட்டருக்கு 650 கிலோ தேறும்னு வெச்சா பலகை மட்டும் 36 கிலோ. மேல ரெண்டு மானிட்டர். ரெண்டும் சேந்து எனக்கு வணக்கம் வைக்கிற மாதிரி குனியுதுங்க. ஒரு கையால ஒரு மானிட்டர், இன்னொரு கையால இன்னொண்ணு. மூக்கு அரிக்குது. கண்டிப்பா அரிக்கும், அதுக்கு அப்பத்தான் நேரம் கிடைக்கும்.

கேமரா மட்டும் ஆன்ல. அது எப்பவும் நல்லா வேலை செய்யும்.

அப்ப பேனா உருண்டு வருது. வந்து மடியில விழுது. பின்னாடியே ஸ்டேப்ளர். அதுக்குப் பின்னாடி மூடி திறந்த தண்ணி பாட்டில், ஒரு அங்குலம் நகரும், நிக்கும், யோசிக்கும், மறுபடி நகரும். 40 நிமிஷம் மீட்டிங்குங்க. அதுல 12 நிமிஷம் நான் அந்தப் பாட்டில மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னைக்கு நீங்க ரொம்பக் கவனமா கேக்குறீங்க போல, நல்லா இருக்கு." தலையாட்டினேன். உடம்புல ஆட்டக்கூடிய ஒரே பாகம் அதுதான் மிச்சம் இருந்துச்சு. அப்புறம், "அந்த ஷீட்ட கொஞ்சம் ஷேர் பண்ணுங்களேன்"னார். மவுஸ் எப்பவோ தரைக்குப் போயிடுச்சு. "நெட் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு"ன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு சொன்னேன். நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஸ்லோ.

பாட்டில் கடைசில விழுந்துச்சு. எங்கன்னு கேக்காதீங்க.

இப்ப நம்ம ஃபிட்டரோட கைவண்ணத்துக்கு வருவோம். நாலு எல் பிராக்கெட், அதாவது சுவத்துல முடுக்கி பலகையத் தாங்குற எல் வடிவ இரும்புத் தகடு. ஒவ்வொண்ணோட கையும் 20 செ.மீ. பலகை 70 செ.மீ. அதோட பாரம் மொத்தமா நிக்கிற நடுப்புள்ளி சுவத்துலேர்ந்து 35 செ.மீ. அதாவது பிராக்கெட் முடிஞ்சு 15 செ.மீ. தாண்டினப்புறம்தான் அந்த நடுப்புள்ளியே வருது! மிச்சம் எல்லாம் ஸ்க்ரூ பிடிச்சிட்டிருக்கும்ங்கிற நம்பிக்கை. அந்த ஸ்க்ரூவாச்சும் உருப்படியான்னா, 35 மி.மீ. பிராக்கெட் தகடு கொஞ்சம், சுவத்துப் பூச்சு ஒரு 15 மி.மீ., போக செங்கல்லுக்குள்ள நுழைஞ்சது ரெண்டு செ.மீ. கூட இல்ல. ஸ்க்ரூவப் பிடிச்சுக்க சுவத்து ஓட்டைல செருகின பிளாஸ்டிக் பிளக்கும் பூச்சோட சேந்து பல்லுப் பிடுங்கின மாதிரி வந்துடுச்சு.

கை ஊனினதுதான் தப்பாம். சரி, கணக்குப் பாப்போம். முன் விளிம்பு 70 செ.மீ. தள்ளி இருக்கு. அங்க 18 கிலோ அழுத்தினா போதும், 36 கிலோ பலகை சுவத்த எவ்வளவு இழுக்குதோ அதே அளவு இன்னொரு இழுப்பு. நாற்காலிலேர்ந்து எந்திரிக்கிற எந்த மனுஷனும் சாதாரணமா கொடுக்கிற அழுத்தம் அது. இது எனக்குத் தெரியலன்னா பரவால்ல. நான் எக்செல் தட்டிப் பொழைக்கிறவன். மரத்துலயே பொழைக்கிறவருக்குத் தெரிய வேணாம்?

"ரெண்டு பக்கமும் கால் வெச்சிடலாமாண்ணே?"ன்னு நான் கேட்டேங்க. சத்தியமா கேட்டேன். "கால் வெச்சா லுக் போயிடும் சார், அந்தரத்துல நிக்கிற மாதிரி இருந்தாத்தான் அழகு"ன்னார். (அந்தரத்துல நிக்கிற மேசைப் படத்த அவருக்கு முதல்ல காட்டினது நான்தான். அது வேற விஷயம்.) "சரி, பின்னாடி சுவத்து நீளத்துக்கும் ஒரு ரீப்பராவது, அதான் ஒல்லியான மரச்சட்டம், அடிச்சு, அது மேல பலகைய உக்கார வைக்கலாமே?" "தேவையே இல்ல சார், 4 செ.மீ. தேக்கு, ஒண்ணும் ஆகாது." ஒண்ணும் ஆகாது! இந்த ரெண்டு வார்த்தைய நம்பி இந்த உலகத்துல எத்தனை பலகை தொங்கிட்டு இருக்கோ.

அதுவும் மேல் பக்கத்துக்கு மட்டும் மூணு கோட்டு பாலிஷ். அடிப்பக்கம் வெறும் மரம். கேட்டா, "கீழ யார் சார் பாக்கப் போறாங்க?" காத்துல இருக்கிற ஈரம் பாக்கும்ணே! ஒரு பக்கம் ஈரம் குடிச்சு மறுபக்கம் குடிக்கலன்னா பலகை வளையும். வளைஞ்சிருக்கு. மரம் குறுக்குவாட்டுல விரியும், சுருங்கும், அதனால ஸ்க்ரூ ஓட்டைய அந்தக் குறுக்குவாட்டுலயே கொஞ்சம் நீட்டி விடணும். இவரு இறுக்கின இறுக்குல சுருங்க வழியே இல்லாம நடுவுல முடி மாதிரி ஒரு விரிசல். "அது மரத்தோட ரேகை சார், ஒரிஜினல்னா அப்படித்தான்." போன மாசம் அந்த ரேகை இல்லியே?

இன்னைக்கு மறுபடி வரேன்னு சொல்லியிருக்கார். எதுக்கு? இன்னும் ரெண்டு எல் பிராக்கெட் சேக்கவாம். அதே 20 செ.மீ. வேணவே வேணாம்னுட்டேன். ரெண்டு பக்கமும் டிராயர் பெட்டி, பின்னாடி ரீப்பர், முன் விளிம்புக்கு அடியில நீளத்துக்கும் ஒரு இரும்புப் பைப். அதுவும் டிராயர நுனியில வைக்க மாட்டேன், உள்ள தள்ளித்தான் வைப்பேன். தாங்குற இடைவெளி பாதியானா மரம் தன் பாரத்துக்கே தொய்யிறது 16-ல ஒரு பங்கா குறையும். நேத்து ராத்திரி தூக்கம் வராம உக்காந்து படிச்சேன், முட்டி வலி புண்ணியம்.

அது வர்ற வரைக்கும் மேசைய எது தாங்குதுன்னு கேளுங்க. ஒரு பழைய சூட்கேஸ், அது மேல ரெண்டு டிக்‌ஷனரி. இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், உயரம் பத்தாம நாலா மடிச்ச அட்டை. ரசமட்டம் வெச்சுப் பாத்தேன். குமிழி அச்சு அசலா நடுவுல நிக்குது! மூணு மாசத்துல முதல் தடவையா பேனா உருளல. சிரிச்சிட்டேன்.

சிரிச்சுக்கிட்டே லேப்டாப்ப சார்ஜ் போடப் போனேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல அஞ்சு சாக்கெட் இருக்கு. சார்ஜர் தலைய ஒண்ணுல செருகினா பக்கத்துல இருக்கிற ரெண்டையும் சேத்து மூடிக்குது. அஞ்சுன்னு எழுதி விக்கிறானே, இத டிசைன் பண்ணவன் வாழ்க்கைல ஒரு தடவையாவது ஒரு சார்ஜரக் கண்ணால பாத்திருப்பானா?