அரைப்பேராம்!

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு மறுபடியும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார்கள். கொழுந்து நிறுவையில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படியுங்கள்.

காலை நிறுவையில் 6 கிலோ. சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. எந்தச் சாக்கு ஒரு கிலோ இருக்கும், இரும்பில் தைத்ததா? விடியற்காலை மழை பெய்ததால் ஈரத்துக்கு இன்னொரு கிலோ. வானம் ஊற்றிய தண்ணீருக்கு அக்கா பொறுப்பு! பகல் நிறுவையில் 8 கிலோ. அதே சாக்கு, அதே கழிவு. மாலையில் 7. மீண்டும் அந்தப் புண்ணியச் சாக்குக்கு ஒன்று, முற்றல் இலை என்று ஒன்று. பறித்தது 21, பதிவில் 16. எங்கள் தோட்டத்தில் 18 வந்தால்தான் முழுப்பேர்.

"காலையிலிருந்து மலையில்தானே ஐயா நின்றேன்? மற்ற அரைநாள் நான் எங்கே போனேன்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"கிலோ குறைந்தால் அரைநாள்தான் அம்மா" என்றாராம் கணக்கப்பிள்ளை, தலையை நிமிர்த்தாமலே.

ஆகா! சூரியன் வீணாக உதித்து மறைகிறது. கொழுந்துத் தராசுதான் பொழுதை நடத்துகிறது. அட்டை மட்டும் பாவம், இந்தக் கணக்குத் தெரியாமல் மாலைவரை முழுநாள் இரத்தம் குடித்தது.

2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது லயமே பட்டாசு கொளுத்தியது. அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று ரூபாயை அவ்வளவு சுத்தமாகப் பிரித்து எழுதினார்கள். பின்னாலேயே பல தோட்டங்களில் முழுப்பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவை ஏற்றிவிட்டார்கள். ரூபாய்க்காக ஊர்வலம் போனோம், கோஷம் போட்டோம். எதை நாள் என்று எண்ணப்போகிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தொழிற்சங்கத்துப் பெரிய மனிதர்களுக்கு மாலை போடவே நேரம் போதவில்லை.

பாணுக்குக்கூட வரைவிலக்கணம் இருக்கிறது, தெரியுமா? ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராம் வரை குறையலாம் என்று 2024இல் வர்த்தமானி போட்டார்கள். தசமத்தில்! அக்காவுக்கு 2 கிலோ குறைந்ததும் அரைநாளே ஆவியாகிவிட்டது. பேசாமல் பாணாகப் பிறந்திருக்கலாம்.

பாண் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. நேற்றைய பாணை இன்றைய பாணென்று கூசாமல் விற்கிறாரே எங்கள் சந்திக் கடைக்காரர், அவரை யார் கேட்பது?