நவம்பர் மாதத்துக் குன்னூருக்கும் ஒரு மேடை வேண்டும்

மே மாதம் வந்தால் நீலகிரியில் கொண்டாட்டத்துக்குக் குறைவே இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக நடக்கும். கூடவே மேடை, பாட்டு, நடனம். எல்லாம் கீழேயிருந்து ஏறி வருகிறவர்களுக்காக. சீசன் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். இங்கேயே குடியிருக்கிற எங்களுக்கு அடுத்த மே வரை மழையும் மூட்டமும் டிவி சீரியலும்தான்.

இதை ரொம்ப காலமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். போன நவம்பரில் குன்னூரில் பார்த்த ஒரு ராக் கச்சேரிக்கு அப்புறம் புலம்பல் கோரிக்கையாகிவிட்டது. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் ஒரு பழைய தேயிலைக் குடோன். கீழே கடை. மரப்படி ஏறினால் மாடியில் ஒரு நீள அறை, நெருக்கி நின்றால் எண்பது பேர் பிடிக்கும். எதிரொலி அடங்கட்டும் என்று சுவரெல்லாம் சாக்கு தொங்கவிட்டிருந்தார்கள். ராக் கிளப் என்றதும் பீர் பாட்டிலைக் கற்பனை செய்கிறவர்கள் மன்னிக்கவும், 300 ரூபாய் டிக்கெட்டுக்கு ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் கொடுத்தார்கள்.

கோவையிலிருந்து நாலு பையன்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து கிடந்ததால் கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்தார்கள். ஆறு மணிக் கச்சேரி ஏழேகாலுக்குத் தொடங்கியது. யாரும் முணுமுணுக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையை நம்பி நேரம் குறிக்க முடியாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

முதல் இரண்டு பாட்டுக்குக் கிடார் சுதியில் நிற்கவே இல்லை. வேனுக்குள் சில்லிட்டுக் கிடந்த கம்பிகள், அறைச் சூட்டில் தளர்ந்து சுதி இறங்கிக்கொண்டே போயின. பாட்டுக்குப் பாட்டு கிடார்காரர் குனிந்து முறுக்காணியைத் திருகினார். “அண்ணா, எங்க ஊர்க் குளிரு கோயமுத்தூர்க் கிடாருக்கு ஆகாதுங்கண்ணா” என்று ஒரு கல்லூரிப் பையன் கத்தினான். “குளிரு இல்ல தம்பி, நீங்க எல்லாரும் விடற மூச்சுதான்” என்றார் அவர், முறுக்காணியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அடுத்த பாட்டின் நடுவில் கம்பி அறுந்தது.

பெரிய மேடையாக இருந்தால் ஓர் உதவியாளர் இருட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து வேறு கிடாரை மாட்டிவிட்டுப் போயிருப்பார், நமக்குத் தெரிந்தே இருக்காது. இங்கே வேறு கிடார் ஏது? அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். மேடை என்ன மேடை, முக்கால் அடி உயரப் பலகை. எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அறுந்த துண்டை உருவிப் போட்டார். புதுக் கம்பியைக் கிடாரின் முதுகுப்பக்கத் துளையில் விட்டு முன்னால் இழுத்து, முறுக்காணியில் மூன்று சுற்றுச் சுற்றி, மிச்சத்தைக் கட்டரால் நறுக்கினார். அப்புறம் கம்பியை விரலால் தூக்கித் தூக்கி இழுத்தார். புதுக் கம்பியை அப்படி இழுத்துப் பழக்காவிட்டால் பாதிப் பாட்டில் மறுபடி காலை வாரும். என் பக்கத்தில் நின்ற பெண் கேட்காமலே போன் டார்ச்சை அடித்துப் பிடித்துக்கொண்டாள்.

இவ்வளவு நேரமும் பேஸ் கிடாரும் டிரம்ஸும் நிற்கவில்லை. பேஸ் வாசித்த பையனுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் சமூகத்தாரின் ஊர், என்று பிற்பாடு தெரிந்தது. அவன் மெல்ல மெல்லப் படுகர் கல்யாண வீட்டு ஆட்டத் தாளத்துக்கு நகர்ந்தான். ரெண்டு சுற்றுக் கேட்டுவிட்டு டிரம்ஸ்காரரும் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு விசில். அவ்வளவுதான், படுகர் வீட்டுப் பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள். அந்த ஆட்டத்துக்கு வட்டம் வேண்டும், அங்கே வட்டம் போட ஏது இடம்? தூணைச் சுற்றி, டீ மேசையைச் சுற்றி, சவுண்ட் மிக்சரைப் பார்த்துக்கொண்டவரின் நாற்காலியைச் சுற்றி, கோணல்மாணலாக ஒரு வரிசை போயிற்று. அடவு தெரியாதவர்களும் முன்னால் இருப்பவர் காலைப் பார்த்துக்கொண்டே ஆடினோம். தரைப்பலகை அதிர்ந்தது உள்ளங்காலில் தெரிந்தது. கம்பி மாட்டி முடித்தவர் உடனே வாசிக்கவில்லை, கிடாரை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஒத்திகை பார்த்து வந்த பாட்டுகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த இரவில் எனக்குக் கிடைத்தது இந்த ஒத்திகை இல்லாத பத்து நிமிஷம்தான்.

சென்னையில் ஒரு பெரிய மைதானக் கச்சேரிக்கும் சில ஆயிரம் செலவழித்துப் போயிருக்கிறேன். நூறு மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸில் குச்சி விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தானே போகும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி தாமதம். தூரத்தில் சத்தம் தேயாமலிருக்க நடுவில் ஸ்பீக்கர் கோபுரம், பார்க்கப் பெரிய திரை. திரையைப் பார்க்க நான் எதற்கு அங்கே போகணும்? ராக் இசை பிழைப்பதே சின்ன அறைகளில்தான் என்பது என் கட்சி. பீட்டில்ஸ் லிவர்பூலில் கேவர்ன் என்ற நிலவறைக் கிளப்பில் 1961 முதல் 1963 வரை இருநூற்றைம்பது தடவைக்கு மேல் வாசித்துத்தான் தேறினார்கள். நியூயார்க்கில் ரமோன்ஸ் என்ற ராக் குழு வளர்ந்த சிபிஜிபி கிளப், சில நூறு பேர் நெருக்கியடித்த ஒரு சந்து மாதிரி இடமாக இருந்தது. இங்கே எங்கள் பையன்களுக்கு வாசித்துப் பழக இடம் எங்கே இருக்கிறது? கிடார் வாங்குகிறான், வீட்டில் திட்டு வாங்குகிறான், கோவைக்கோ பெங்களூருக்கோ இறங்கிப் போகிறான்.

ராக் எல்லாம் மலைக்கு ஒத்துவருமா என்று கேட்கிற பெரியவர்களும் உண்டு. இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழலும் முழவும் வாசித்து, தங்கள் சடங்குக்கு மட்டுமில்லாமல் படுகர், தோடர் வீட்டு இழவுக்கும் போய் வாசித்த ஊர் இது. பக்கத்து வீட்டுத் தாளம் காதில் விழாமல் இங்கே யாரும் வளரவில்லை.

இன்னொரு சாக்கு, சத்தம். பத்து மணியாகப் பத்து நிமிஷம் இருக்கும்போதே குடோன்காரர் கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டினார், பையன்களும் நிறுத்திவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் வைத்தால் விலக்கு உண்டு, ஆனாலும் சுற்றுச்சுவர் எல்லையில் சத்தம் குறித்த அளவைத் தாண்டக் கூடாது. நல்ல விதி, எனக்கு ஆட்சேபமே இல்லை. வீடு திரும்பும்போது அரவங்காட்டுக்கு முன்னால் ரோட்டோரம் ரெண்டு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தன, வண்டியை அணைத்துவிட்டு அவை நகரும்வரை நின்றோம். அதுகளுக்கும் ராத்திரி வேண்டும். ஆனால் காட்டை ஒட்டிய விடுதிகளில் திறந்தவெளியில் கேம்ப்ஃபயர் மூட்டி நள்ளிரவு வரை டிஜே போடும்போது இந்த விதி எங்கே போகிறது? சீசனுக்கு வருகிறவன் போட்டால் சுற்றுலா, உள்ளூர்ப் பையன் போட்டால் தொல்லையா?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சமுதாயக் கூடங்கள் பூட்டியே கிடக்கின்றன. மாசம் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் அஞ்சரை முதல் எட்டு வரை, உள்ளூர்ப் பசங்களுக்குக் குறைந்த வாடகையில் திறந்துவிடட்டும். எட்டு மணி என்றால் கடைசிப் பஸ்ஸையும் பிடிக்கலாம், பெண் பிள்ளைகளை வீட்டிலும் அனுப்புவார்கள். குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் ஆட்கள் உங்கள் பக்கம் இப்படிச் சும்மா கிடக்கிற கூடம் இருந்தால் கீழே எழுதுங்கள். கதவு ஜன்னல் ஒழுங்காக அடைக்கணும், மழைக்கு ஒழுகக் கூடாது, பிளக் பாயிண்டில் எர்த் இருக்கணும். நகராட்சிக்கு மனு எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.