அது சிந்தசைசர் ஒலி அல்ல

‘தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் ஒரு சான் பிரான்சிஸ்கோ ராக் இசைக்குழு; அவர்கள் பாடல்களில் குமிழியிடும் ஒலி சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் எழுப்பப்பட்டது; 1968இல் வெளியான ‘லைவ்’ இசைத்தட்டு மேடையில் பதிவானது’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். இம்மூன்றும் பிழையானவை.

இக்குழு 1965இன் இறுதியில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் உருவானது. 1966இல் சான் பிரான்சிஸ்கோவில் சில மாதங்கள் வாசித்ததால் இக்குழப்பம் வந்திருக்கலாம்.

குமிழியிடும் அந்த ஒலியை எழுப்பியவர் குழுவின் உறுப்பினர் டாமி ஹால். கருவி, ஒரு சாதாரண ஜாடி. பழைய நாட்டுப்புறக் குழுக்களில் ஜாடியின் வாயில் காற்றை ஊதி அடித்தொனி எழுப்புவார்கள். ஆனால் டாமி ஹால், ஜாடியின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தம் குரலையே விரைந்த துடிப்புகளாக அதற்குள் செலுத்தினார். முதல் இசைத்தட்டை ஒருமுறை கவனித்துக் கேட்டால், கிதாருக்குப் பின்னால் ஒரு மனிதத் தொண்டை உழைப்பது தெளிவாகப் புலப்படும். அந்த உழைப்பை இயந்திரத்தின் கணக்கில் எழுதுவது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

‘லைவ்’ இசைத்தட்டில் உள்ளவை, ஒலிப்பதிவுக்கூடத்தில் எஞ்சிக் கிடந்த பழைய பதிவுகளின்மீது பதிப்பு நிறுவனம் கைதட்டலை ஒட்டி வெளியிட்டவை.

குழு ‘சலிப்பால் கலைந்தது’ என்று அந்த நண்பர் எழுதிய வரியும் முழுமையானதன்று. பாடகர் ராக்கி எரிக்சன் 1969இல் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகி, சிறையைத் தவிர்க்க மனநலக் குறைவைக் காரணம் காட்டியதால், 1972 வரை மனநல மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டிருந்தார்.